சுளீர் என்று அடித்தது எது? தீப்பொறியையும் ஷாக்கையும் அறிகுறி வழியே பிரித்தறியும் முறை

சென்னையில் மின்பொருள் பழுதுபார்ப்பவரிடம் வந்து சேரும் "ஷாக் அடிக்கிறது" என்ற புகாருக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. ஏசி அறையின் கதவுக் கைப்பிடியில் ஒருமுறை சுளீர் என்று அடிப்பதும், மடிக்கணினியின் உலோக மூடியில் கை வைத்தால் எறும்பு ஊர்வது போல் இருப்பதும், மாவு வழிக்கும்போது கிரைண்டர் கையை உதறச் செய்வதும், பிளக்கைச் செருகும்போது நீல நிறத்தில் பொறி தெறிப்பதும் ஒரே சொல்லால்தான் குறிப்பிடப்படுகின்றன. இவற்றில் முதலாவது மட்டுமே நிலைமின்சாரம்; இந்தக் கடலோர ஊரின் ஈரக்காற்றில் அதுதான் நான்கிலும் அரிதானது. ஆகவே, வடநாட்டுக் குளிர்காலத்தில் வாழ்பவர் கதவைத் தொட்டு அடி வாங்கினால் "நிலைமின்சாரம்தான்" என்று கடந்து போகலாம். சென்னைவாசி அப்படிக் கடந்து போகக் கூடாது. இங்கே அடித்தது எதுவாயினும், மின்கசிவு இல்லை என்று உறுதியாகும் வரை அதை மின்கசிவு என்றே கொள்ள வேண்டும் என்பது என் அனுபவத்தில் தேறிய விதி. கீழே உள்ள வழிமுறை அந்த விதியின் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது.

காற்றைத் தாண்ட எத்தனை வோல்ட் வேண்டும்

அறிகுறிகளுக்குள் போகும் முன் ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. காற்று நல்ல மின்காப்புப் பொருள்தான். ஆனால் அதன் தாங்குதிறனுக்கு எல்லை உண்டு. காற்றில் எப்போதும் சில எலக்ட்ரான்கள் தனித்துத் திரிந்துகொண்டிருக்கும். இரண்டு கடத்திகளுக்கு நடுவே மின்புலம் போதிய அளவு வலுத்தால், அந்த எலக்ட்ரான்கள் முடுக்கம் பெற்று மூலக்கூறுகளில் மோதி, மேலும் எலக்ட்ரான்களைப் பெயர்த்தெடுக்கும். ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகி, கண் இமைப்பதற்குள் அந்தப் பாதை முழுவதும் கடத்தியாகிவிடும். நாம் பொறி என்று காண்பது அந்தப் பாதையைத்தான்.

பள்ளி இயற்பியல் பாடம் இதற்கு மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் என்று கணக்குச் சொல்கிறது. அதாவது ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 30,000 வோல்ட். இடைவெளி குறையும்போது இந்தக் கணக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு 3,000 அல்ல, சுமார் 4,500 வோல்ட் தேவைப்படும். பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 900 வோல்ட் அளவில் தேவைப்படும். காற்றழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் எண்ணே இந்த மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கிறது என்று ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் பாஷன் 1889இல் கண்டறிந்தார். அவருடைய வளைகோட்டில் ஓர் அடிமட்டம் உண்டு: காற்றில் அது சுமார் 327 வோல்ட். நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கான இடைவெளியில் அந்த அடிமட்டம் அமைகிறது. அதைவிட நெருங்கினால், மோதுவதற்குப் போதிய மூலக்கூறுகள் வழியில் இல்லாததால், தேவை மீண்டும் ஏறத் தொடங்குகிறது. இவை எல்லாம் வழுவழுப்பான, தட்டையான பரப்புகளுக்கு உரிய எண்கள். ஊசி முனை போன்ற கூர்மைக்கு இதைவிடக் குறைந்த மின்னழுத்தமே போதும்.

இந்த அளவுகோலின் பயன் இதுதான்: கையால் தொடுவதற்கு முன்பே, கண்ணுக்குத் தெரியும் இடைவெளியைத் தாண்டி ஒரு பொறி பாய்ந்தது என்றால், அங்கே இருந்தது பல ஆயிரம் வோல்ட். வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டால் அது முடியாது.

அறிகுறி: தொட்டதும் அடித்தது, எதனால் என்று தெரியவில்லை

இன்னொரு முறை கையால் தொட்டு உறுதிப்படுத்த வேண்டாம். வீட்டில் இருக்கும் சாதாரண நியான் டெஸ்டரை எடுத்து, முதலில் ஒரு பிளக் பாயிண்டில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செத்துப்போன டெஸ்டரை நம்பி ஏமாந்தவர்கள் எங்கள் தொழிலிலேயே உண்டு. பிறகு டெஸ்டரின் தலையில் விரலை வைத்து, அதன் முனையால் அடித்த பொருளைத் தொடுங்கள். நியான் விளக்கு ஒரே ஒரு முறை மின்னி அணைந்தால், உங்கள் உடலில் தேங்கியிருந்த மின்னூட்டம் வடிந்துவிட்டது என்று பொருள், அது நிலைமின்சாரம். விளக்கு விடாமல் எரிந்தால் அந்தப் பொருளுக்கு எங்கிருந்தோ மின்சாரம் வந்துகொண்டே இருக்கிறது, அது கசிவு.

டெஸ்டர் கைவசம் இல்லாதபோது, அடித்த விதத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். நிலைமின்சாரம் ஊசி குத்தியது போல் ஒரு புள்ளியில், "டிக்" என்ற ஓசையோடு, தொடுவதற்கு ஒரு கணம் முன்னதாகவே அடித்து முடிந்துவிடும். கசிவு தொட்டுக்கொண்டிருக்கும் வரை அடித்துக்கொண்டே இருக்கும். நொடிக்கு 50 சுற்று மின்சாரம் என்பதால் அதில் ஓர் அதிர்வு தெரியும். நனைந்த தரையில் வெறுங்காலோடு நிற்கும்போது மட்டும் அடித்தது, செருப்பு போட்டால் அடிக்கவில்லை என்றால், அது ஏறக்குறைய நிச்சயமாகக் கசிவு. நிலைமின்சாரத்தின் குணம் இதற்கு நேர் எதிரானது: செருப்போ ஷூவோ போட்டவரைத்தான் அது அடிக்கும்.

அறிகுறி: ஏசி அலுவலகத்தில் கதவு, லிஃப்ட் பொத்தான், இரும்பு அலமாரி எல்லாம் அடிக்கின்றன

சோழிங்கநல்லூர், காரப்பாக்கம் பக்கத்து அலுவலகங்களிலிருந்துதான் இந்தப் புகார் அதிகம் வருகிறது. வீட்டில் ஒருநாளும் அடிக்காத ஒருவருக்கு அலுவலகத்தில் நாளுக்கு மூன்று முறை அடிக்கிறது என்றால் காரணத்தை அவர் உடம்பில் தேடத் தேவையில்லை. வீட்டில் அவர் பருத்தி உடுத்தி, மொசைக் தரையில் வெறுங்காலோடு நடக்கிறார்; ஜன்னல் திறந்திருக்கிறது. அலுவலகத்தில் ரப்பர் அடி வைத்த ஷூ, பாலியெஸ்டர் கலந்த சட்டை, செயற்கை இழைக் கம்பளம், நாள் முழுவதும் ஓடும் ஏசி. இரண்டு வேறு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போதெல்லாம் ஒன்று எலக்ட்ரான்களை இழக்கிறது, மற்றொன்று பெறுகிறது. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் ஷூவும் கம்பளமும் ஒட்டிப் பிரிகின்றன. நாற்காலியை விட்டு எழும்போது சட்டையும் இருக்கைத் துணியும் பிரிகின்றன. வெறுங்காலில் தரைக்கு வடிந்துபோகக்கூடிய மின்னூட்டம், ரப்பர் அடியில் சிக்கி உடலிலேயே தேங்குகிறது.

ஈரப்பதம் எந்த அளவுக்கு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள ஓர் அளவீடு காட்டும். கம்பளத்தின் மேல் நடப்பவரின் உடலில், ஒப்பு ஈரப்பதம் 20 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் 35,000 வோல்ட் வரை சேரக்கூடும். அதே கம்பளத்தில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சேர்வது 1,500 வோல்ட் அளவோடு நின்றுவிடும். மனிதத் தோலுக்குச் சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே நிலைமின்சாரம் உறைப்பதில்லை. கடற்காற்று அடிக்கும் சென்னையில் நிலைமின்சாரம் உருவாகாமல் இல்லை. நமக்கு உறைக்கும் அளவை எட்டாமல் வடிந்துவிடுகிறது. ஏசி அந்தக் காப்பை நீக்கிவிடுகிறது. ஏசியின் வெளிக்குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் முழுவதும் அறையின் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்டது. 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் அதை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றியவர்களுக்கு அதன் அளவு நன்றாகவே தெரியும். ஏசி இல்லாத இடங்களில்கூட, கடற்காற்று நுழையத் தாமதமாகி மேற்கிலிருந்து அனல்காற்று வீசும் மே, ஜூன் பிற்பகல்களில் இந்தப் புகார் எட்டிப் பார்க்கும்.

ஈரக்காற்று மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால்தான் மின்னூட்டம் வடிகிறது என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. நீராவி மூலக்கூறுகள் எலக்ட்ரான்களைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. எனவே ஈரக்காற்றைத் தாண்டப் பொறிக்குச் சற்றுக் கூடுதல் மின்னழுத்தமே தேவைப்படுகிறது. வேலை நடப்பது காற்றில் அல்ல, பரப்புகளில்: துணி, கம்பளம், ஷூவின் அடி, நாற்காலி ஆகியவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டு, அதன் வழியே மின்னூட்டம் நழுவிவிடுகிறது.

அலுவலகத்தில் உங்கள் மின்னழுத்தம் எவ்வளவு என்று அறிய மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். மனித உடல் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கி. ரிச்சி தெருவில் வாங்கும் எண்முறை மல்டிமீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். இவ்விரண்டையும் பெருக்கினால் ஆயிரத்தில் ஒரு நொடி வரும். மீட்டர் படிப்பதற்குள், தேங்கியிருந்தது அதன் வழியாகவே வடிந்து தீர்ந்துவிடும். அதற்குப் பதில் சாவியைப் பயன்படுத்துங்கள். விளக்கை அணைத்து, சாவியை இறுகப் பிடித்து, அதன் வட்டமான தலைப்பக்கத்தைக் கைப்பிடியை நோக்கி மெல்லக் கொண்டுபோங்கள். பொறி எவ்வளவு தொலைவில் தாவுகிறது என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டரில் தாவினால் 4,500 வோல்ட். மூன்று மில்லிமீட்டர், அதாவது இரண்டு ஒற்றை ரூபாய் நாணயங்களை அடுக்கிய உயரத்துக்கு நெருக்கம் என்றால், 11,000 வோல்ட் அளவு. பொறி சாவியிலிருந்து தாவுவதால் விரலில் வலியும் தெரியாது. மின்னோட்டம் ஒரு புள்ளியில் குவியாமல் சாவியைப் பிடித்த உள்ளங்கை முழுவதும் பரவிவிடும்.

பதினோராயிரம் வோல்ட் என்றதும் அஞ்சத் தேவையில்லை. 100 பிக்கோஃபாரட்டில் அந்த மின்னழுத்தம் சேர்த்துவைக்கும் ஆற்றல் ஆறு மில்லிஜூல் மட்டுமே. பாயும் கணத்தில் மின்னோட்டம் பல ஆம்பியர் வரை எழும். ஆனால் ஒரு மைக்ரோநொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான் என்றாலும், தொட்ட கையை விடும்வரை பாய்ந்துகொண்டே இருக்கும். எண் பெரியதா சிறியதா என்பதைவிட, எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதே உயிருக்கு முக்கியம்.

தீர்வில் முதலாவது, ஏசியின் வெப்பநிலையை 25 அல்லது 26 பாகைக்கு ஏற்றுவது. அறையின் ஒப்பு ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் புகார் நின்றுவிடும். சிறிய ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டிவைப்பது செலவு குறைந்த வேலை. நாற்காலியிலிருந்து எழும்போது, முதுகு இருக்கையை விட்டுப் பிரிவதற்கு முன்பே மேசையின் உலோகக் காலைப் பிடித்துக்கொண்டு எழுங்கள். காரிலிருந்து இறங்கும்போதும் அப்படியே: கதவுச் சட்டத்தின் உலோகத்தைப் பிடித்துக்கொண்டே காலைத் தரையில் ஊன்றினால், கதவைச் சாத்தும்போது அடிக்காது. எழுந்து உட்காரும்போதெல்லாம் கணினித் திரை ஓரிரு நொடி இருண்டு மீண்டால், பழுது திரையில் இல்லை. எழும்போது நாற்காலியில் தெறிக்கும் மின்னிறக்கத்தின் அலைகளைத் திரையின் கேபிள் வாங்கிக்கொள்கிறது. நல்ல காப்புறை கொண்ட கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: மடிக்கணினி, டிவி, செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றின் உலோகப் பகுதியில் விறுவிறுப்பு

விரலின் பின்பக்கத்தை லேசாக உரசினால் பரப்பு சொரசொரப்பாக மாறியது போல் தெரியும். சார்ஜரைக் கழற்றியதும் அந்த உணர்வு மறைந்துவிடும். இது நிலைமின்சாரம் அல்ல. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டுவதற்காக வைக்கப்பட்ட சிறு மின்தேக்கிகளின் வழியே மில்லி ஆம்பியரில் ஒரு பகுதி மட்டுமே உடலுக்கு வருகிறது. எர்த் இணைப்பு இல்லாத நிலையில் உலோக உடல், வீட்டு மின்னழுத்தத்தின் பாதியளவில், சுமார் 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். டெஸ்டரும் மங்கலாக எரியும். சார்ஜர் மூன்று முள் வகையாக இருந்தால், அதை டூ பின் கன்வெர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்தக் கன்வெர்ட்டரைத் தூக்கி எறிந்து, எர்த் உள்ள பாயிண்டில் நேராகச் செருகினால் விறுவிறுப்பு நின்றுவிடும். இரண்டு முள் சார்ஜரில் அது அந்த அமைப்போடு வந்தது. தொந்தரவுதானே தவிர, சார்ஜர் நல்ல நிலையில் இருக்கும்வரை ஆபத்து இல்லை.

அறிகுறி: ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் அல்லது குழாய்த் தண்ணீர் அடிக்கிறது

மெயினை அணைத்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் பெரியவர் ஒருவர் ஃபிரிட்ஜின் கைப்பிடியைக் காட்டி, "தம்பி, ஏசி ஓடுற வீட்ல இப்படித்தான் லேசா அடிக்குமாம், பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். நீ வந்த வேலையைப் பாரு" என்றார். நான் போனது மிக்ஸி பார்க்க. டெஸ்டரை வைத்தபோது விளக்கு மங்காமல் நின்று எரிந்தது. ஃபிரிட்ஜ் பிளக்கை மாட்டியிருந்த போர்டைக் கழற்றினோம். முகப்பில் மூன்று துளைகளும் ஒழுங்காக இருந்தன. மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. எர்த் திருகு, கடையிலிருந்து வந்த நாளில் இருந்த பளபளப்போடு, ஒருமுறைகூடத் திருகப்படாமல் இருந்தது. கம்பிரசரில் தொடங்கிய கசிவு போக வழியில்லாமல் கைப்பிடியில் காத்திருந்தது. மழைக்காலத்தில் தரை ஈரமானபோதுதான் அடி கூடியது என்று பெரியவரே பிறகு நினைவுகூர்ந்தார். நிலைமின்சாரமாக இருந்திருந்தால் மழைக்காலத்தில் முற்றிலும் நின்றிருக்க வேண்டும்.

எனவே இந்த அறிகுறிக்கு வரிசை இது. பொருளின் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு மெயினைப் போட்டு, கையால் அல்ல, டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு அந்தப் பொருளில். எரிந்தால் வயரிங்கில் அல்லது வேறொரு பொருளில். குழாய்த் தண்ணீர் அடித்தால் முதல் சந்தேகம் கீசரின் மேல் விழ வேண்டும். எர்த் துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா, அது பெட்டி வரை, பெட்டியிலிருந்து மண்ணில் புதைத்த குழாய் வரை அறுபடாமல் போகிறதா என்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று எர்த் இணைப்பின் திருகுகளை அரித்துவிடுவது வழக்கம். வெளியே பச்சைப் பாசி போலத் தாமிரம் பூத்திருந்தால் உள்ளே இணைப்பு இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈஎல்சிபி இல்லாத வீட்டில் அதைப் பொருத்துவது, மேலே சொன்ன எல்லாப் பழுதுகளையும்விட முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை. இருந்தால், அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அறிகுறி: பிளக்கைச் செருகும்போது அல்லது சுவிட்சைப் போடும்போது நீலப் பொறி

வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரிக் கணக்கு (ஆர்எம்எஸ்). அதன் உச்சம் 325 வோல்ட். பாஷன் கண்ட அடிமட்டம் 327. தற்செயலான பொருத்தம்தான், ஆயினும் நினைவில் வைத்துக்கொள்ள வசதியானது: வீட்டு மின்சாரம் தானாகக் காற்றைத் தாண்டுவதில்லை. அப்படியானால் பிளக்கில் தெரியும் பொறி எங்கிருந்து வருகிறது? உலோகமும் உலோகமும் தொட்டு விலகும் அந்தத் துளியூண்டு இடத்தில் மின்னோட்டம் நெருங்கி, உலோகம் உருகி ஆவியாகி, அந்த ஆவியே பாலமாகிறது. மோட்டார், டியூப்லைட்டின் சோக் போன்ற கம்பிச்சுருள் உள்ளவற்றை அணைக்கும்போது, சுருளே ஒரு கணம் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் எழுப்பிவிடும். சார்ஜரைச் செருகும்போது ஒரே ஒரு "டப்" சாதாரணமானது. சுவிட்சை அணைத்துவிட்டுச் செருகினால் அதுவும் இராது. செருகிய பிறகும் உள்ளே கரகரப்பு கேட்டாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ, துளையின் பித்தளை தளர்ந்துவிட்டது, சாக்கெட்டை மாற்றுங்கள்.

அறிகுறி: கேஸ் லைட்டர் "டிக்" என்கிறது, பொறி வரவில்லை

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைச் சமையலறைகளில் தவறாமல் நடப்பது இது. லைட்டருக்குள் ஒரு சுத்தியல் அழுத்தமின் படிகத்தின் மேல் மோதும்போது பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் உண்டாகி, குழாயின் நடுவிலுள்ள கம்பி முனையிலிருந்து வெளிக்குழாயின் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் தாவுகிறது. ஓசை கேட்கிறது என்றால் சுத்தியல் வேலை செய்கிறது. மின்னழுத்தம் வேறு வழியில் ஒழுகிவிடுகிறது என்று பொருள். வெளிச்சத்தில் லைட்டரின் வாயைத் திருப்பிப் பாருங்கள். நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானில் தாளித்த எண்ணெயும் கரியும் படிந்து பழுப்பேறியிருக்கும். வெயில் காலத்தில் அந்தப் படிவு காய்ந்து கிடப்பதால் தொல்லை தருவதில்லை. ஈரம் ஊறியதும் அதுவே கடத்தியாகி, காற்றைத் தாண்ட வேண்டிய மின்னழுத்தத்தைப் பீங்கானின் மேலாகவே இறக்கிவிடுகிறது. பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்து, வெயிலிலோ அணைத்த அடுப்பின் இளஞ்சூட்டுக்கு அருகிலோ அரைமணி நேரம் வைத்தால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். துடைத்த பிறகும் பொறி வராமல் கம்பி முனை தேய்ந்து உள்ளே போயிருந்தால், இடைவெளி கூடிவிட்டது. புதிதாக வாங்குவதே மிச்சம்.

அறிகுறி: கொசு பேட் கொசு இல்லாமலே வெடிக்கிறது, அல்லது கொசு மாட்டியும் வெடிக்கவில்லை

பேட்டின் வலைகளுக்கு இடையே ஓராயிரம் முதல் மூவாயிரம் வோல்ட் வரை இருக்கும். வலைகளின் இடைவெளியைத் தாண்ட அது போதாது. கொசுவின் உடல் நடுவில் புகுந்து, மீதி இடைவெளியைக் குறைக்கும்போதுதான் பொறி தாவுகிறது. தானாக வெடித்தால் வலை எங்கோ வளைந்து நெருங்கியிருக்கிறது, அல்லது பழைய கொசுவின் கருகிய உடல் ஒட்டியிருக்கிறது. வெடிக்காவிட்டால் பேட்டரி தளர்ந்து மின்னழுத்தம் குறைந்திருக்கிறது. சுத்தம் செய்யும் முன், சுவிட்சை அணைத்து, பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரால் நடுவலையையும் வெளிவலையையும் இணைத்து, தேங்கியதை இறக்கிவிடுங்கள்.

அறிகுறி: பைக் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி வருகிறது, மாட்டினால் வண்டி கிளம்பவில்லை

சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீரைக் கடந்து வந்த வண்டிகளில் இது வழக்கம். வெளியே 0.7 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட மூவாயிரத்து ஐந்நூறு வோல்ட் போதும். எஞ்சினுக்குள் அழுத்தப்பட்ட காற்று ஒன்பது, பத்து மடங்கு அடர்த்தியாக இருப்பதால், அதே இடைவெளிக்குப் பதினாயிரம் வோல்ட்டுக்கு மேல் தேவைப்படுகிறது. வெளியே வந்த பொறி எதையும் நிரூபிக்கவில்லை. பிளக் தொப்பியைக் கழற்றி உட்புறத்தை உலர்த்துங்கள். ஈரத்தின் வழியே மின்னழுத்தம் எஞ்சின் உடலுக்கு ஒழுகியிருக்கக்கூடும். இருட்டில் வண்டியை உதைக்கும்போது தொப்பியிலோ ஒயரிலோ நீலக்கோடு ஊர்வது தெரிந்தால், ஒழுகும் இடம் அதுவே.

அறிகுறி: ஷாக்கே அடிக்கவில்லை, ஆனால் மாற்றிய ஐசி இரண்டு நாளில் செத்துவிட்டது

"நம்ம ஊர்ல ஸ்டேட்டிக் எல்லாம் கிடையாது சார்" என்று சொல்லும் பட்டறைகளில்தான் இது அதிகம். மேலே சொன்னபடி, 65 சதவீத ஈரப்பதத்திலும் நடப்பவர் உடலில் 1,500 வோல்ட் சேரலாம். வேலை மேசையில் அமர்ந்திருப்பவரிடம் 100 வோல்ட். தோலுக்கு உறைக்க 3,000 வேண்டும். மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வகையின் கேட் முனை பெரும்பாலும் 20 வோல்ட் வரை மட்டுமே தாங்கக் கூடியது. நமக்குத் தெரியாத அடியிலேயே அது உடைந்துவிடும். உடனே சாகாமல், காயத்தோடு சில நாள் ஓடி, வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போன பிறகு சாவதுதான் பெரிய தொல்லை. ஒரு மெகா ஓம் தடை உள்ள மணிக்கட்டுப் பட்டையை அணிந்து எர்த்தோடு இணையுங்கள். தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் அந்தத் தடை மின்னோட்டத்தைக் கால் மில்லி ஆம்பியருக்குள் நிறுத்திவிடும். தடை இல்லாத வெறும் கம்பியை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது தற்கொலைக்கு ஒப்பானது. ஐசியைத் தெர்மாகோலில் குத்தி வைக்கும் வழக்கத்தை விடுங்கள். கருப்புக் கடத்தும் ஸ்பாஞ்சில் வையுங்கள். பட்டை இல்லாத நாளில், பலகையைத் தொடும் முன் எர்த் செய்த உலோகத்தைத் தொடுவதும், செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவதும் ஓரளவு உதவும்.

அறிகுறி: பெட்ரோல், தின்னர் போன்றவற்றை ஊற்றும்போது பொறி அல்லது சடசடப்பு

இதற்குச் சோதனை கிடையாது. உடனே ஊற்றுவதை நிறுத்த வேண்டும். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்திருக்கும்போது அதைப் பற்றவைக்க கால் மில்லிஜூல் ஆற்றல் போதும். உடலில் 3,000 வோல்ட் இருக்கும்போது, லேசாகத்தான் உறைக்கும் பொறியில் ஏறக்குறைய அரை மில்லிஜூல் இருக்கிறது. திரவம் குழாயில் ஓடும்போதே மின்னூட்டம் பிரிகிறது. பிளாஸ்டிக் டப்பாவில் அது வடிய வழியில்லை. ஜெனரேட்டருக்கு எரிபொருள் ஊற்றும் முன் எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். உலோகக் கேனைத் தரையில் வைத்து, அதையும் டேங்கையும் ஒரு கம்பியால் இணைத்து, வாயோடு வாய் தொடும்படி மெதுவாக ஊற்றுங்கள். வண்டியின் இருக்கையிலோ டிக்கியிலோ கேனை வைத்தபடி நிரப்ப வேண்டாம். பம்பில் காரிலிருந்து இறங்கியவர், நிரப்பிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் உள்ளே போய் உட்கார்ந்து எழுந்து வந்தால், குழாயின் மூக்கைத் தொடும் முன் வண்டியின் வெற்று உலோகத்தை, மூடியிலிருந்து தள்ளி ஓரிடத்தில், ஒருமுறை தொட்டுவிட வேண்டும்.